கொட்டுவது சொறியா, அதன் செல்லா?

சொறி எனப்படும் ஜெல்லிமீன், அதன் உறவுகளான பவளம், கடல் சாமந்தி, ஹைட்ரா: வாசகர் கேள்வி பதில்

பெசன்ட் நகர் கடற்கரையில் அலையில் நின்றுகொண்டிருந்த என் பத்து வயது மகனின் காலில் நீல நூல் மாதிரி ஏதோ சுற்றிக்கொண்டது. சாட்டையால் அடித்ததுபோலத் தடிப்பு. மணலைப் போட்டுத் தேய், நல்ல தண்ணீர் ஊற்று, வினிகர் வாங்கி வா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சிறுநீர் என்றுகூட ஒருவர் சொன்னார். எதுதான் சரி?
– வாசகி, அடையாறு

நீல நூலோடு காற்றடைத்த நீலப் பை ஒன்றும் மிதந்திருந்தால் அது ஃபைசேலியா. செய்தித்தாள்கள் 'போர்ச்சுகீசியப் போர்க்கப்பல்' என்று எழுதுவது இதைத்தான். இது ஜெல்லிமீனுக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் ஜெல்லிமீன் அல்ல. மிதக்க ஒன்று, இரை பிடிக்க ஒன்று, செரிக்க ஒன்று, இனம் பெருக்க ஒன்று என வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட பல சிற்றுடல்கள் ஒட்டி வாழும் கூட்டம். காற்று கரைப்பக்கம் அடிக்கும் நாட்களில் மொத்தமாக ஒதுங்கும். நூல்கள் பல மீட்டர் நீளும் என்பதால் பையைப் பார்க்காமலே கொட்டு வாங்கலாம்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனைகளில் மணல், நல்ல தண்ணீர், சிறுநீர் மூன்றும் தவறு. ஸ்பிரிட், கொலோன் போன்றவையும் அந்தப் பட்டியலில்தான். தோலில் ஒட்டிய நூலில் இருக்கும் கொட்டும் செல்களில் பெரும்பகுதி அந்த நேரத்தில் இன்னும் வெடித்திருக்காது. மிச்சமுள்ளதை வெடிக்கவிடாமல் அகற்றுவதுதான் முதல் வேலை, வலியைக் குறைப்பது அடுத்த வேலை. மணலால் தேய்த்தால் அழுத்தத்தில் வெடிக்கும். நல்ல தண்ணீர் பட்டால் உப்புச் செறிவு சட்டென்று மாறி வெடிக்கும். ஏடிஎம் அட்டையால் வழித்தெடுப்பது, இறுக்கிக் கட்டுவது இரண்டும் இதே காரணத்தால் வேண்டாம்.

குழந்தையைத் தண்ணீரைவிட்டு வெளியே கொண்டுவந்து உட்கார வையுங்கள். கடல் தண்ணீரை மொண்டு தாராளமாக ஊற்றுங்கள், தேய்க்காமல். ஒட்டியிருக்கும் நூலைப் புருவம் எடுக்கும் சாமணத்தாலோ, கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டோ நேராகத் தூக்கி எடுங்கள், இழுக்காதீர்கள். அதன்பிறகு வெந்நீர். 45 டிகிரி அளவில், 20 நிமிடம். தெர்மாமீட்டர் கிடைக்காது, அதனால் கடைக்காரரிடம் கொதிநீர் ஒரு பங்கு வாங்கி, குழாய்த் தண்ணீர் நாலு பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 44 டிகிரி வரும். பெரியவர் ஒருவர் தன் கையை முதலில் விட்டுப் பார்த்துவிட்டே குழந்தையின் காலை முக்கவேண்டும். வலியில் இருக்கும் குழந்தை சூட்டைச் சரியாகச் சொல்லாது. ஆறினால் மாற்றிக்கொண்டே இருங்கள். இந்த நஞ்சுகளில் பல புரதங்கள், சூட்டில் அவை செயலிழக்கும். வலி குறைய அதுவே முக்கியக் காரணம்.

வினிகர் விஷயத்தில்தான் குழப்பம். உடல் கண்ணாடிப் பெட்டிபோலச் சதுரமாக, நாலு மூலையிலிருந்து மட்டும் விழுதுகள் தொங்கும் பெட்டிச் சொறிக்கு வினிகர் கட்டாயம். குறைந்தது 30 விநாடி விடாமல் ஊற்றவேண்டும். ஃபைசேலியாவுக்கு வினிகர் வேண்டாம் என்பது ஆஸ்திரேலிய வழிகாட்டுதல், நல்லது என்று பின்னர் வந்த ஆய்வகச் சோதனைகளும் உண்டு. விளிம்பில் நீண்ட விழுதும் நடுவில் சுருக்குத் துணிபோன்ற வாய்க்கரங்களும் உள்ள கிரைசோரா வகைகளுக்கு வினிகர் பட்டால் சில செல்கள் வெடிக்கவே செய்யும். கொட்டியது எதுவென்று தெரியாதவரை கடல் தண்ணீரும் வெந்நீரும் என்பதே எங்கள் தேர்வு.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தொடர் வாந்தி, முகத்திலோ கண்ணிலோ கொட்டு, ஒரு கை அல்லது காலின் பாதிக்கு மேல் தடிப்பு என்றால் வெந்நீருக்குக் காத்திருக்காமல் 108. கொட்டு சின்னதாக இருந்தாலும் அரைமணி நேரம் கழித்து முதுகுவலியும் படபடப்பும் வந்தால் அலட்சியம் வேண்டாம். இருகஞ்சி வகைச் சிறு பெட்டிச் சொறிகளின் நஞ்சு அப்படித் தாமதமாகத்தான் வேலை காட்டும்.

கரையில் செத்துக் காய்ந்து கிடந்த சொறியைக் காலால் தள்ளினேன். அப்படியும் அரித்துத் தடித்தது. செத்தது எப்படிக் கொட்டும்?
– வலை பின்னுபவர், நாகப்பட்டினம்

கொட்டும் வேலையைச் சொறி செய்வதில்லை, அதன் தோலில் உள்ள ஒவ்வொரு கொட்டும் செல்லும் தனித்தனியாகச் செய்கிறது. செல்லுக்குள் ஒரு நுண்ணிய உறை, அதற்குள் சுருட்டி வைத்த ஊசிக்குழல், வெளியே ஒரு நுண்மயிர். அந்த மயிரில் தொடுகையும், இரையின் தோலில் உள்ள சில வேதிப்பொருட்களும் சேர்ந்து பட்டால் உறை திறந்துவிடும். உறைக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 150 வளிமண்டல அழுத்தம். கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம். குளத்தில் வாழும் சிற்றுறவான ஹைட்ராவின் ஊசி வெளியே பாய்வதை 2006இல் அதிவேகக் கேமராவில் அளந்தபோது 700 நானோ விநாடி என்று வந்தது, அதாவது ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட ஆகவில்லை. விலங்குலகில் அளக்கப்பட்ட மிக வேகமான அசைவுகளில் இது ஒன்று.

விசை ஏற்றிய உறை அப்படியே இருக்கும்வரை உடல் உயிரோடிருக்கிறதா என்பது பொருட்டில்லை. அறுந்து விழுந்த விழுதும் கொட்டும். காய்ந்த விழுது வலையில் ஒட்டியிருந்து, மறுநாள் ஈரம் பட்டதும் கொட்டும். உங்கள் தொழிலில் கவனிக்கவேண்டியது இது: சொறி ஏறிய வலையைக் கடல் தண்ணீரிலேயே அலசி உதறுங்கள். உதறும்போது காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், கண்ணில் தெறித்தால் வெறும் கையால் கசக்காதீர்கள்.

உயிரோடு இருக்கும்போது இந்தச் செல்கள் மேல் நரம்புக்குக் கொஞ்சம் பிடி உண்டு. வயிறு நிறைந்த விலங்கில் குறைவாகவே வெடிக்கும். ஒருமுறை வெடித்த செல் அவ்வளவுதான், புதிதாகத்தான் வளரவேண்டும். அதனால் வீணாக்காமல் இருப்பது அதற்கே லாபம். செத்த உடலில் அந்தப் பிடியும் போய்விடுகிறது.

எட்டாம் வகுப்புக்கு ஹைட்ராவைப் படத்தில்தான் காட்டுகிறேன். உயிரோடு காட்ட முடியுமா? நிரந்தர ஸ்லைடு தவிர பள்ளியில் ஒன்றும் இல்லை.
– அறிவியல் ஆசிரியர், மணப்பாறை

தாராளமாக முடியும், மைக்ரோஸ்கோப்கூட அவசியமில்லை. பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ் போதும். ஆனால் மாதத்தைத் தேர்ந்தெடுத்துச் செய்யுங்கள். 18 முதல் 22 டிகிரிதான் ஹைட்ராவுக்கு இதமான சூடு, 30ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். உங்கள் ஊரில் டிசம்பர், ஜனவரி மாதங்கள் சரி. ஏப்ரலில் முயன்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சாக்கடை கலக்காத குளத்தில், நிழலான ஓரத்திலிருந்து வேலம்பாசியையும் நீரில் அமிழ்ந்து கிடக்கும் இலைகளையும் இரண்டு கைப்பிடி அள்ளி, அந்தக் குளத்துத் தண்ணீரோடு நாலைந்து கண்ணாடிப் பாட்டில்களில் தளர்வாகப் போடுங்கள். அடைத்துத் திணித்தால் பாசி அழுகி நாறும். ஜன்னலருகே, நேர் வெயில் படாமல், அசைக்காமல் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். ஹைட்ரா மெல்ல நகர்ந்து வெளிச்சப் பக்கக் கண்ணாடியில் ஒட்டும். பழுப்பு அல்லது வெள்ளை நூல்துண்டுபோல அரை சென்டிமீட்டருக்கு மேல் தொங்கும், பாட்டிலைத் தட்டினால் சுருங்கிக் குண்டூசித் தலை அளவாகிவிடும். பச்சையாக இருந்தால் அதன் உடலுக்குள் பாசி குடியிருக்கிறது என்று பொருள். ஐந்து பாட்டிலில் நாலில் எதுவும் இருக்காது, அது வழக்கம்தான்.

டிராப்பரால் பிடுங்கி வேறு கிண்ணத்துக்கு மாற்றுங்கள். முதலில் நீரைப் பீய்ச்சித் தளர்த்தி, பிறகு உறிஞ்சவேண்டும். உறிஞ்சியதும் உடனே வெளியேற்றாவிட்டால் குழாய்க்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். குளத்து நீரையே மெல்லிய துணியில் வடிகட்டிப் பயன்படுத்துங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கொன்றுவிடும், திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தது பரவாயில்லை. செம்புப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். செம்பு மிகச் சிறிய அளவிலேயே ஹைட்ராவுக்கு நஞ்சு.

தீனிக்கு அலங்கார மீன் கடையில் கிடைக்கும், ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலின் முட்டை. ஒரு லிட்டர் நீரில் 25 முதல் 30 கிராம் கல் உப்பு, கால் டீஸ்பூன் முட்டை, காற்றுக் குமிழி விடும் சிறு பம்ப். 28 டிகிரியில் ஒரு நாளில் பொரிந்துவிடும். பம்பை நிறுத்தி, அடியில் திரளும் ஆரஞ்சு நிறக் குஞ்சுகளை உறிஞ்சி, துணியில் இட்டு நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசிவிட்டுப் போடுங்கள். அலசாமல் போட்டால் உப்பில் ஹைட்ரா சுருங்கும். மேலே மிதக்கும் ஓடுகளைச் சேர்க்கவேண்டாம்.

மாணவர்களைக் கூப்பிடவேண்டிய நேரம் இதுதான். உதைத்து நீந்தும் குஞ்சு ஒரு விழுதில் பட்டதும் ஒட்டிக்கொள்ளும், சில விநாடியில் உதைப்பது நிற்கும். பிறகு மற்ற விழுதுகள் வளைந்து அதை நடுவுக்குக் கொண்டுவரும், இல்லாததுபோல் இருந்த வாய் திறக்கும், விழுங்கியபின் குஞ்சின் ஆரஞ்சு நிறம் உடலுக்குள் தெரியும். வாயைத் திறக்கவைப்பது குத்துபட்ட இரையிலிருந்து கசியும் குளூட்டாதையோன் என்ற பொருள். இது 1955இல் கண்டறியப்பட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி போதும். தின்று முடித்த சில மணி நேரத்தில் தண்ணீரை மாற்றாவிட்டால் மிச்சம் அழுகி, விழுதுகள் குட்டையாகிக் குமிழ்போல் தடிக்கும். அதுதான் முதல் எச்சரிக்கை. அந்த நிலையில் தீனியை நிறுத்தி, தினமும் நீரை மாற்றினால் பெரும்பாலும் மீளும்.

வெட்டும் சோதனைக்கு ஒரு நாள் பட்டினி போட்ட, மொட்டு இல்லாத ஹைட்ராவை எடுத்து, புது பிளேடால் உடலின் நடுவில் ஒரே வெட்டு. இரு பாதியையும் தனித்தனிக் கிண்ணத்தில் விடுங்கள். அடிப்பாதியில் இரண்டாம் நாள் விழுதின் முளைகள் தெரியும், மூன்றாம் நாளையொட்டித் தலை முழுமையாகி இரை பிடிக்கத் தொடங்கும். வாய் இல்லாதபோது தீனி போடுகிறேன் என்று நீரைக் கெடுத்துவிடுவதே இந்தச் சோதனை தோற்பதற்குப் பொதுவான காரணம். இதை முதலில் செய்தவர் ஆபிரகாம் டிரம்ப்ளே. நெதர்லாந்தின் ஹேக் நகரருகே ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். 1740இல் செடியா விலங்கா என்று தீர்மானிக்கத்தான் வெட்டினார். செடி என்றால் பிழைக்கும், விலங்கு என்றால் சாகும் என்பது அவர் கணக்கு. பிழைத்தது, நடக்கவும் செய்தது. 1744இல் அவர் வெளியிட்ட நூல் ஐரோப்பாவையே குழப்பியது.

சாகாத ஜெல்லிமீன் என்று வாட்ஸ்அப்பில் வருவது உண்மையா?
– வாசகர், ஈரோடு

பாதி உண்மை. டர்ரிடாப்சிஸ் டோர்னி என்ற, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய இனம், காயமோ பட்டினியோ வந்தால் குடை வடிவ முதிர்ந்த நிலையிலிருந்து சுருங்கி உருண்டையாகி, தரையில் ஒட்டி, மறுபடி தன் இளம் பருவமான பாலிப்பாக மாறுகிறது. தசைச் செல் போன்ற முதிர்ந்த செல்களே வேறுவகைச் செல்களாக மாறுவதுதான் இதில் அதிசயம். அந்தப் பாலிப்பிலிருந்து புதிய குடைகள் மொட்டுவிடும். ஆனால் மீன் தின்றால் போச்சு, நோய் வந்தாலும் போச்சு. கடலில் பெரும்பாலானவற்றின் கதி அதுதான்.

சில பருவத்தில் வலையில் மீனே இல்லை, சொறிதான் கனக்கிறது. கடலில் சொறி கூடிவிட்டதா? இதைத் தின்பார்கள் என்று வாங்கக்கூட ஆள் வருகிறார்களே?
– மீனவர், பாம்பன்

நீங்கள் வலையில் பார்ப்பது சொறியின் வாழ்க்கையில் ஒரு பாதிதான். முட்டையிலிருந்து வரும் நுண்ணிய குஞ்சு முதலில் நீந்திப்போய்ச் சிப்பியின் அடிப்பக்கம், பாறை இடுக்கு, பாலத்தூண், ஜெட்டி, மிதவை என்று கெட்டியான ஏதோ ஒன்றில் ஒட்டி, சில மில்லிமீட்டர் உயரப் பாலிப்பாகிறது. அது பல மாதம், சில இனங்களில் பல வருடம், அங்கேயே இருந்து தன்னைப்போலவே மொட்டுவிட்டுப் பெருகும். நீரின் சூடோ உப்போ மாறும் பருவத்தில் உடல் குறுக்காகத் தட்டுத்தட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு தட்டும் ஒரு குட்டிச் சொறியாகக் கழன்று நீந்தும். ஒரு பகுதியின் பாலிப்புகள் எல்லாம் ஒரே பருவத்தில் இப்படிக் கழற்றிவிடுவதால்தான் திடீரென்று கடல் நிறைந்ததுபோல் தோன்றுகிறது. மிச்சத்தை நீரோட்டமும் காற்றும் ஒரே இடத்தில் சேர்த்துவிடுகின்றன.

உலகம் முழுக்கச் சொறி கூடிவருகிறதா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஏறி இறங்கும் சுற்று இயல்பாகவே உண்டு. ஆனால் சில கடல்களில் கூடுவதற்கான காரணங்கள் விளங்கிக்கொள்ளக்கூடியவை. மீன் குறைந்தால், இரண்டும் தின்னும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களுக்குப் போட்டி குறைகிறது. கழிவுநீர் கலந்து ஆக்சிஜன் குறைந்த நீரில் மீன் நிற்காது, சொறி நிற்கும். கரையோரக் கான்கிரீட் எல்லாம் பாலிப்புக்கு வீடு.

இதன் தொல்லை மின்நிலையங்களுக்கும் உண்டு. குளிர்விக்கக் கடல்நீர் இழுக்கும் வழியில் சொறி வந்து சல்லடையை அடைத்துவிடும். கல்பாக்கத்தில் இது பலகாலமாகத் தெரிந்த பிரச்சினை. 2013இல் ஸ்வீடனின் ஆஸ்கர்ஷாம் அணு உலை ஒன்றும், 2025 ஆகஸ்டில் பிரான்சின் கிராவலின் நிலையத்தில் நாலு உலைகளும் இதனால் நின்றன.

தின்பது உண்மைதான். சீனா, ஜப்பான், கொரியாவில் விருந்துச் சாப்பாடு. குடையும் வாய்க்கரங்களும் தடித்த, குறைவாகக் கொட்டும் சில இனங்களையே வாங்குவார்கள். குடையையும் கரங்களையும் பிரித்து, குடலும் சளியும் போகக் கடல்நீரில் கழுவி, உப்பும் படிகாரமும் கலந்து அடுக்குவார்கள். சில நாளுக்கொரு முறை எடுத்து, படிகாரத்தைக் குறைத்துக்கொண்டே மாற்றுவார்கள். மொத்தம் 20 முதல் 40 நாள். 100 கிலோ சொறி கடைசியில் 7 முதல் 10 கிலோவாகும், ஏனென்றால் உடலில் 95 சதவீதம் தண்ணீர். படிகாரம் அமிலத்தன்மையைக் கூட்டி, புரதத்தைக் கெட்டிப்படுத்தி, கடித்தால் நறுக்கென்று இருக்கும்படி செய்கிறது. அது இல்லாமல் உப்பு மட்டும் போட்டால் குழகுழவென்று கரைந்துபோகும். பிடித்த சில மணி நேரத்தில் பதப்படுத்தத் தொடங்கவேண்டும் என்பதால், உப்புக்கும் படிகாரத்துக்கும் ஆளுக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் ஏற்றிவைத்த சொறி நாறித்தான் போகும். விலை பேசுமுன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொளத்தூரில் கோமாளி மீனும் கடல் சாமந்தியும் வாங்கி மூன்றடித் தொட்டியில் விட்டேன். சாமந்தி வெள்ளையாக இருந்தது, அழகு என்றுதான் வாங்கினேன். இரண்டு வாரத்தில் சுருங்கி, இடம்மாறி, அலை உண்டாக்கும் மோட்டாரில் சிக்கிவிட்டது. தொட்டி ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது.
– வாசகர், சென்னை

வெள்ளைச் சாமந்தி அழகில்லை, பட்டினி. அதன் திசுவில் குடியிருந்து ஒளியில் உணவு சமைத்துக்கொடுக்கும் பாசியை அது இழந்திருக்கிறது. வாங்கும்போது பழுப்பு, பச்சை, ஊதா கலந்த நிறம் இருக்கவேண்டும், வாய் இறுக மூடியிருக்கவேண்டும், அடிப்பாதம் கிழியாமல் கண்ணாடியையோ கல்லையோ பற்றியிருக்கவேண்டும். பளீரென்ற மஞ்சளாக இருந்தால் சாயம் ஏற்றியது.

இரண்டு மாதத் தொட்டியும் சீக்கிரம். நைட்ரேட்டும் உப்பும் ஏறி இறங்காமல் நிலைக்க ஆறு மாதமாவது ஆகும். உப்படர்த்தி 1.025, சூடு 25 முதல் 27 டிகிரி, காரத்தன்மை (pH அல்ல, dKH அளவில்) 8 முதல் 10, நைட்ரேட் 10 பிபிஎம்முக்குக் கீழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை வெயிலில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் மே மாதம் தாண்டுவது கடினம். தொட்டிமேல் விசிறி இரண்டு மூன்று டிகிரி குறைக்கும், ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியானதை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றவேண்டும். உப்புத் தண்ணீரையே ஊற்றிப் பலர் தொட்டியைக் கெடுக்கிறார்கள், ஆவியாகும்போது உப்பு உள்ளேயே நிற்கிறது என்பதை மறந்து.

சாமந்தி நடப்பது ஒளியோ நீரோட்டமோ பிடிக்காததால். நடக்கும் நாட்களில் மோட்டார் வாயில் ஸ்பான்ஜ் உறை போடுங்கள், இல்லாவிட்டால் அரைபட்ட சாமந்தி ஒரே இரவில் தொட்டி மீன்களையெல்லாம் அம்மோனியாவில் கொன்றுவிடும். உங்களுடையது கிழிந்திருந்தால், பாதம் பற்றுகிறதா என்று ஒரு நாள் பாருங்கள். பற்றாமல், கரைந்து, நாற்றம் வந்தால் உடனே எடுத்துவிட்டு, பாதி நீரை மாற்றுங்கள். பிழைத்தால் வாரம் இரண்டு தடவை, சுண்டுவிரல் நகத்தளவு இறால் துண்டு. பெரிதாகக் கொடுத்தால் மறுநாள் கக்கும். மீனுக்கு நோய் என்று செம்பு மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

கோமாளி மீன் அதை ஏன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, பலர் கேட்பார்கள். எல்லாக் கோமாளி இனத்துக்கும் எல்லாச் சாமந்தியும் ஒத்துவராது. கோமாளி மீனைச் சாமந்தி கொட்டாததற்கு ஒரு காரணம், மற்ற மீன்களின் சளியில் உள்ள, கொட்டும் செல்லைத் தூண்டும் சயாலிக் அமிலம் இதன் சளியில் மிகக் குறைவு. செல்லுக்கு அது இரையாகத் தெரிவதேயில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். கடையில் 'பொத்தான் பவளம்' போல விற்கும் சோவான்தஸ் ஒட்டிய கல்லை, சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கவைக்காதீர்கள். சில இனங்களில் உள்ள பேலிடாக்சின் என்ற கடும் நஞ்சு ஆவியோடு மூச்சில் போய்க் குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தேய்க்கவும் கூடாது.

மன்னார் வளைகுடாவில் கண்ணாடி அடிப்படகில் போனபோது பவளம் வெள்ளைவெளேரென்று இருந்தது. செத்துவிட்டதா?
– கல்லூரி மாணவி, தூத்துக்குடி

வெளுத்ததும் செத்ததும் ஒன்றல்ல. பவளத்தின் சதை கிட்டத்தட்டக் கண்ணாடி, நிறம் கொடுப்பது உள்ளே இருக்கும் பாசி. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாக நாலு வாரம் நீடித்தால், அந்தப் பாசியின் ஒளிச்சேர்க்கை கெட்டு, பவளத்துக்கு நச்சாகும் ஆக்சிஜன் கூறுகள் சுரக்கின்றன. பவளம் பாசியை வெளியேற்றுகிறது, கீழிருக்கும் சுண்ணாம்பு எலும்பு தெரிகிறது. சதை இன்னும் அங்கேதான் இருக்கும். ஆனால் உணவில் தொண்ணூறு சதவீதம்வரை அந்தப் பாசி கொடுத்தது, இனி சில வாரம்தான் தாக்குப்பிடிக்கும். அதற்குள் நீர் குளிர்ந்தால் மிஞ்சிய பாசி பெருகி நிறம் திரும்பும்.

நீருக்குள் முகமூடி போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். உயிருள்ள வெள்ளையில் வழவழப்பான மெல்லிய படலமும், குழிகளுக்குள் சுருங்கிய விழுதுகளும் இருக்கும். செத்தது கொஞ்ச நாளில் மங்கிய பச்சைப் பாசி படிந்து மயிர்போல் தெரியும். தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளாதீர்கள், படலம் கிழிந்துவிடும்.

உங்கள் கடலில் ஏப்ரல் முதல் ஜூன்வரை நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது இது நடக்கிறது. 1998, 2010, 2016, 2024 ஆண்டுகள் மோசமானவை. மான்கொம்புபோல் கிளைக்கும் அக்ரோபோரா முதலில் போகும், உருண்டையான போரைட்டஸ் தாங்கும். அக்ரோபோரா வருடம் 10 சென்டிமீட்டர்கூட வளரும், போரைட்டஸ் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். ஆகவே முந்தையது சீக்கிரம் திரும்பி வரலாம், பிந்தையது போனால் நம் ஆயுளில் ஈடாகாது. ஒடிந்த கிளைகளைச் சிமெண்டுப் பலகையில் கட்டி நடும் வேலை உங்கள் ஊரிலிருந்தே பல ஆண்டுகளாக நடக்கிறது. கோடைக்கு முன் நட்டால் பாதி வெளுத்துவிடும் என்பதால் நீர் குளிர்ந்த மாதங்களே சரி. நட்ட கிளை பலகையில் ஆடினால் ஒட்டாது, கட்டு இறுக்கமாக இருக்கவேண்டும்.

வெப்பம் மட்டுமா என்றால் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் மூழ்கிப்போனதில், சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு பவளம் வெட்டியதற்குப் பெரும் பங்கு உண்டு.

என் பவள மோதிரம் மங்கிவிட்டது. அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? ராமேஸ்வரத்தில் எடுத்து வந்த பவளக் கல்லும் வீட்டில் இருக்கிறது.
– வாசகி, கும்பகோணம்

நகைப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் சிவப்புப் பவளம். பாறை கட்டும் பவளத்துக்குத் தூரத்து உறவு, ஒவ்வொரு பாலிப்புக்கும் இறகுபோன்ற எட்டு விழுதுகள். கிளை தடிப்பது வருடத்துக்குக் கால் மில்லிமீட்டர் அளவில், ஆக 5 மில்லிமீட்டர் மணிக்கே இருபது வருடக் கிளை வேண்டும். விலை ஏன் என்று புரியும்.

சுண்ணாம்பு என்பதால் வியர்வை, எலுமிச்சை, புளி, சென்ட் எல்லாம் அரிக்கும். சமையலில் கழற்றி வையுங்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். போன பளபளப்பைப் பட்டறையில் மெருகேற்றித்தான் கொண்டுவரமுடியும். சோதனைக்குப் பின்பக்கம் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். நுரைக்காவிட்டால் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக். ஆனால் சாயமேற்றிய மட்டப் பவளமும் சிப்பியும்கூட நுரைக்கும், சொட்டு விட்ட இடம் மங்கவும் செய்யும். அதனால் முதலில் நகப்பூச்சு நீக்கியில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள், பஞ்சு சிவந்தால் சாயம். லென்ஸில் பார்த்தால் அசலில் நீளவாக்கில் நெருக்கமான இழைக்கோடுகள் தெரியும், சாயமேற்றியதில் விரிசல்களில் சிவப்பு தேங்கியிருக்கும்.

ராமேஸ்வரத்துக் கல் வேறு விஷயம். பாறை கட்டும் பவளம் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் புலிக்குச் சமமாக இருக்கிறது. கடல் விசிறியும் அப்படியே. கரையில் ஒதுங்கியது என்றாலும் எடுக்கவோ விற்கவோ கூடாது. வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

ஈசிஆர் பக்கம் இரவில் அலை நீலமாக ஒளிர்ந்தது. ஜெல்லிமீனா? அதற்கு மூளை இல்லை என்கிறார்களே, தூங்குமா?
– வாசகர், திருவான்மியூர்

அலை முழுக்க ஒளிர்ந்தால் அது நாக்டிலூகா என்ற ஒருசெல் உயிரி. 2019 ஆகஸ்டில் உங்கள் கரையில் வந்தது அதுதான். பகலில் கண்ணாடிக் கோலிபோல, உடம்பில் எட்டு வரிசையில் வானவில் ஓடும் உருண்டை ஒதுங்கினால் அது சீப்புச் சொறி. வானவில் என்பது மயிரிழைகளில் ஒளி சிதறுவதால் வருவது. அதற்குக் கொட்டும் செல்லே கிடையாது, பசையால் ஒட்டிப் பிடிக்கும். பெயரில்தான் சொறி, குடும்பம் வேறு.

தூங்கும். தலைகீழாய்க் கிடக்கும் கசியோபியா என்ற சொறியை 2017இல் கவனித்தபோது, பகலில் நிமிடத்துக்கு 58 முறை துடித்த குடை இரவில் 39ஆகக் குறைந்தது. இரவில் தொந்தரவு செய்து விழிக்கவைத்தால் மறுநாள் பகலில் சோம்பிக் கிடந்தது. பெட்டிச் சொறிக்கு 24 கண்கள், ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு. அதில் விரல் நகத்தளவு உள்ள டிரிபெடாலியா என்ற இனம், எதிரே வரும் அலையாத்தி மர வேர் போன்ற தடைமீது மோதி மோதி, விலகக் கற்றுக்கொள்கிறது என்று 2023இல் காட்டினார்கள். ஒவ்வொரு கண்கொத்துக்கும் ஆயிரம் நரம்பணுக்கள் அளவில்தான் உண்டு.